நடுவயிற்றில் அணைந்த சுருட்டு

அடுத்த திங்கட்கிழமை முதல் சுவைமேசை உங்கள் மூவருடையது. மூவரும் படித்தவர்கள். ஈரமானி பார்க்கத் தெரியும், நிறுக்கத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். அவற்றைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கைநூலில் எல்லாம் இருக்கிறது. அதில் பாதியை எழுதியதும் நான்தான்.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இந்த வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். மனேஜர் சிரித்தார். நாக்குக் கெட்டுப் போய்விட்டதா என்று கேட்டார். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் போகிறீர்கள் என்று நீங்களும் கேட்டீர்கள். நேரில் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமாகச் சொல்லிவிடுவேன். எழுதும்போது நான் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவேன். வரிசையில் எதையாவது விட்டால் எனக்கே தெரிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தன்னாமுனைச் சுருட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. உன்னிச்சையில் வயல் செய்கிற குடும்பம். கையில் விவசாய டிப்ளோமா இருந்தது. வாயில் அதுவரை ஒரு சுருட்டும் வைத்ததில்லை. முதல்நாள் காலை காரமான தடித்த சுருட்டொன்றைத் தந்து பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிறு. நான்காவது இழுப்பில் மேசை ஒருபக்கம் சரிந்தது. கண்விழித்தபோது இலை உதறும் இடத்தில் சாக்கின்மேல் கிடந்தேன். சுருட்டுச் சுற்றும் பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

“டிப்ளோமா விழுந்திட்டுகா!” என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் என் வாயில் சக்கரைத் துண்டொன்றை வைத்து, பிளேன்டீக் கோப்பையைக் கையில் தந்தார்.

“புள்ள, எச்சில முழுங்கப்படா. துப்பணும். புகைய நெஞ்சுக்கு எடுக்கப்படா, வாய்க்குள்ளயே சுத்தி விடணும். வெறு வகுத்தோட சுருட்டுப் பத்தவே படா. உங்கட புத்தகத்துல இதெல்லாம் இல்லியா?”

“இல்லை.”

“அப்ப என்னத்தத்தான் எழுதி வெச்சிருக்கானுகள்?”

அவர்தான் பதினான்காம் மேசைக்காரர், பூமணி அக்கா. பனிச்சங்கேணியைச் சேர்ந்தவர். கணவர் அங்கே வலை வீசுகிறவர், ஒரே மகள் வதனி பள்ளிக்கூடம் போகிறாள். வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். மற்ற நாட்களில் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள லைன் அறையில் தங்குவார். சுற்றும் பெண்களில் அவர் கைதான் முதற்கை. இதை நான் அப்போதே அறிந்திருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வரும்வரை சுவை பார்த்தவர்கள் வாயால் சொன்னார்கள்: நல்லது, ஆகாது, பரவாயில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு படிவம் தயாரித்தேன். பதினொரு கட்டம்: அச்சு எண், சுற்றியவர் எண், ஈரம், கட்டு, இழுப்பு, எரிவு, சாம்பலின் நிறம், சாம்பல் நிற்கும் நீளம், மணம், காரம், முடிவு. மனேஜருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. இலை எந்தச் சிப்பத்திலிருந்து வந்தது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அது களஞ்சியத்தின் வேலை என்று நினைத்தேன். நாக்குக்கும் களஞ்சியத்துக்கும் என்ன தொடர்பு?

இனி ஏழாம் அச்சு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு முனையும் கூர், நடு பருமன். கையில் எடுத்தால் பம்பரத்துக்கும் மீனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போலிருக்கும். அந்த மர அச்சைச் செய்தவர் பட்டினத்துப் பறங்கியத் தச்சர் ஒருவர். நாங்கள் அவரைப் பாஸ் ஐயா என்போம். சுற்றும் பெண்கள் அந்தச் சுருட்டுக்குப் புள்ளத்தாச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். “புள்ளத்தாச்சிய நெரிக்காதகா, பாவம்!” என்று மேசைக்கு மேசை குரல் போகும். “புள்ள, உங்களப் பொண்ணு பாக்க வந்தா என்ன சொல்லுறது, பொண்ணு காலம்பறயே ஏழு சுருட்டுப் பத்தும் எண்டா?” என்று என்னையும் இழுப்பார்கள். “மாப்பிளைட சுருட்டு நல்லதா கெட்டதா எண்டு பாத்து வாங்கிக் குடுக்கும் எண்டு சொல்லுங்க” என்று பூமணி அக்கா எனக்காகப் பதில் சொல்லுவார்.

ஏழாம் அச்சுச் சுருட்டை மதிப்பிடுவது மற்றவை போலல்ல. கூர்முனையில் நெருப்பு வைத்ததும் சுவை மெல்லியதாகத்தான் வரும், காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் ஏலமும் போல. அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. நெருப்பு மேலே ஏற ஏற வட்டம் பெருக்கும், மிளகின் எரிவு தொடங்கும். நடுவயிற்றைத் தொட்டவுடன் காரம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்து நாக்கின் இரு ஓரத்திலும் கனமாக உட்கார வேண்டும். அதன்பிறகுதான் அது காரச் சுருட்டு. அந்த இடத்தில்தான் இதன் ஆபத்தும் இருக்கிறது. சுற்றுபவர் வயிற்றில் இலையைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்கினாலும், இலையைப் பதமாக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்தாலும், நெருப்பு நடுவழியில் மூச்சு முட்டி அணைந்துவிடும். ஆகவே ஏழாம் அச்சு வயிற்றில் அணைந்தால் பிழை கையில்தான். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. கைநூலின் முதல் பதிப்பிலும் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. முரட்டு இலை எப்போதும் நல்ல கைக்குத்தான் போகும். கடலோரத் தோட்டங்களில் விளையும் தடித்த இலைதான் காரம் தருவது. ஆனால் அது வளைந்து கொடுக்காது. வயிற்றுக்குள் அதை அடக்கி வைக்க எல்லோராலும் முடியாது. ஆகவே பனிச்சங்கேணிப் பக்கத்துச் சிப்பங்கள் வந்தால் அவை நேராகப் பதினான்காம் மேசைக்குப் போகும். யாரும் அதை எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்காததால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம் கடல் வந்தது.

எங்கள் பக்கம் வாவி, தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த சிலர் அதன்பிறகு வரவில்லை. பூமணி அக்காவின் வீடு போய்விட்டது. கணவரின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. வதனி பட்டினத்துக்கு வகுப்புக்கு வந்திருந்ததால் தப்பினாள். அக்கா மகளைத் தன்னோடு லைன் அறையில் வைத்துக்கொண்டார்.

அந்த அறையும் வேலையும் இருந்தால்தான் கொம்பனிக் கடிதம் கிடைக்கும். கடிதம் இருந்தால்தான் அந்தப் பக்கத்து அடையாள அட்டைக்காரர் இந்தப் பக்கம் தங்கலாம், சோதனைச்சாவடியில் கேட்டால் காட்டலாம். பனிச்சங்கேணி அப்போது யார் கையில் இருந்தது, அங்கே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனக்கும் அன்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

கடல் வந்து ஒரு வருடம் கழிந்தது. கடல் வடிந்த பிறகு நட்ட புகையிலை வெட்டி, உலர்த்தி, புழுங்கவிட்டு, சிப்பம் கட்டி எங்களிடம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். வெளிநாட்டில் யாரோ கடலால் பாதிக்கப்பட்டவர்களின் கைப்பொருளாகப் பார்த்து வாங்க விரும்பினார்களாம். ஏழாம் அச்சின் வடிவம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பெட்டியின் மூடியில் கடலின் படம் போட வேண்டும் என்றும் கேட்டார்கள். மாதிரியைத் தெரிவு செய்து மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஐந்து மேசைகளின் கட்டுகள் என் முன்னால் இருந்தன. ஏஜெண்ட் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பெண்பிள்ளை சுருட்டுப் பிடிப்பதை வேடிக்கை பார்த்தார். மனேஜர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு மேசைகளும் சரி. பதினான்காம் மேசைச் சுருட்டை எடுத்தேன். சுற்று பார்க்கப் பார்க்க அழகு. தொடக்கம் நன்றாக இருந்தது. வயிற்றைத் தொட்ட இடத்தில் புகையில் நனைந்த சாக்கின் மணம் வந்தது. சாம்பல் கறுத்தது. இரண்டு இழுப்புக்குள் அணைந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அணைந்தது. மூன்றாவதும்.

“ஆர்ட கை?” என்றார் மனேஜர்.

“பதினாலு.”

“பூமணியா? நல்லாப் பாத்தீங்களா?”

“மூன்று பார்த்தாயிற்று. மூன்றும் வயிற்றில்தான் அணைகிறது. இலையில் ஈரம் கூட. தண்ணீர் அதிகம் தெளித்து, இறுக்கிச் சுற்றியிருக்கிறார்.”

“உறுதியா?”

“உறுதி.”

ஏஜெண்ட் கைதட்டாத குறை. “இவ்வளவு தெளிவாச் சொல்ற ஆளை நான் கொழும்பிலேயே பார்க்கல்ல மிஸ்,” என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முடிவு என்ற கட்டத்தில் ‘கழிவு’ என்றும் அதன்கீழ் ‘சுற்றுப் பிழை, கவனக்குறைவு’ என்றும் எழுதினேன். கவனக்குறைவு என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அந்த வாரமே இன்னும் இரண்டு கட்டுகள் அதே மாதிரி அணைந்தன. மூன்று கழிவு வந்தால் மேசையை எடுத்துவிடுவது கொம்பனியின் நடைமுறை. படிவம் இல்லாத காலத்தில் யாரும் மூன்று என்று எண்ணியதில்லை.

பூமணி அக்கா சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு இலை.

“புள்ள, நான் தண்ணி தெளிக்கல்ல. இந்த இலை தானா வேர்க்குது. வெயில் நாளைக்குச் சும்மா கிடக்கும், மூட்டம் வந்தா கை ஒட்டுற அளவுக்கு வேர்க்குது. நான் இப்பிடி ஒரு இலை கண்டதில்ல.”

“அக்கா, எல்லாருக்கும் இலைதானே வருகிறது? மற்ற மேசையில் அணையவில்லையே.”

“மற்ற மேசைக்கு இந்த இலை குடுக்கிறல்லியே.”

இந்தப் பதிலை நான் கேட்டேன். காதில் விழுந்தது. ஆனால் தன் கையைக் காப்பாற்ற இலையைக் குறைசொல்லாத தொழிலாளி உண்டா என்று என் மனம் அதைத் தாண்டிப் போய்விட்டது. படிவத்தின் ஓரத்தில் ‘மறுக்கிறார்’ என்று எழுதினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, என்ட பிழையாவே இருக்கட்டும். கடைசிக் கட்டுல எழுதினத மட்டும் ஒருக்கா மாத்தேலாதா? மேசை போனா அறை போகும், கடிதம் போகும். நான் அங்கால போயிருவன், எனக்கொண்டுமில்ல. வதனிக்குப் பதினாறு புள்ள.”

“அக்கா, இரக்கப்பட்டு எழுதினால் பிறகு இந்தப் படிவத்துக்கு அர்த்தமில்லை.”

“படிவத்துக்கு அர்த்தம் இருக்கணும்தான்,” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துச் சொன்னார். இலையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். வதனி வலக்கையில் ஒரு வாளியும் இடக்கையில் புத்தகப் பையுமாக வாசலைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருந்தது ஒரு பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன்.

பனிச்சங்கேணிச் சிப்பங்கள் அடுத்த நல்ல கைக்குப் போயின, ஒன்பதாம் மேசைக்கு. இரண்டாவது கிழமை ஒன்பதாம் மேசையின் புள்ளத்தாச்சியும் வயிற்றில் அணைந்தது. அப்போதும் எனக்கு இலை நினைவுக்கு வரவில்லை. இருவருக்கும் பொது என்ன என்று பட்டியல் போட்டேன். அச்சு என்று வந்தது. அச்சின் வயிறு தேய்ந்து ஒடுங்கியிருக்க வேண்டும் என்று எழுதி, அச்சைப் பட்டினத்துக்கு அனுப்பினேன்.

பாஸ் ஐயா அச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு தானே வந்தார். வரும்போதே சண்டைக்கு வந்தார்.

“ஆர், மகள், சொன்ன, என்ட அச்சு ஒடுங்கிற்று எண்டு? நீங்களா? கண்ணாடி போட்டிருக்கீங்கதானே? அரை நூல் மாறல்ல. இதுல பிழையெண்டா நான் என்ட உளியெல்லாத்தையும் வாவியில போட்டுட்டுப் போய் மீன் பிடிக்கிறன்.”

அணைந்த சுருட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பேனாக்கத்தியால் நீளவாக்கில் கிழித்து, உள்ளிலையை என் மேசையில் விரித்தார். அன்று காலையிலிருந்து மூட்டம். இலையைத் தொட்டு விரல்களை உரசிப் பார்த்தார்.

“இத ஆர் நனைச்ச?”

“யாரும் நனைக்கவில்லை ஐயா. மூட்டத்துக்கு இப்படித்தான்.”

“அப்ப இது என்ட பலகை மாதிரி.”

“எந்தப் பலகை?”

“கடல் குடிச்ச பலகை. கடற்கரையில கிடந்தத கொஞ்சம் ஏத்திக்கொண்டு வந்தன், நல்ல மரம் எண்டு. வெயிலுக்கு எலும்பு மாதிரிக் காயும். மூட்டம் வந்தா வேர்க்கும். ஆணி அடிச்சா துருப்புடிக்கும். வெறுத்துப்போய் அடுப்புல வெச்சன், புகைஞ்சு புகைஞ்சு அணையுது. என்ட மனிசி என்னையும் சேர்த்து அடுப்புல வெக்கிறன் எண்டுறா.” அவர் சிரித்தார். “உப்பு, மகள். உப்பு எரியாது.”

கல்லூரிக் கொப்பி என்னிடம் இருந்தது. அன்று பின்னேரம் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், சிவப்புக் கோட்டோடு இருந்தது: உப்பு மிகுந்த மண்ணில் விளைந்த புகையிலை ஈரத்தை இழுக்கும், சாம்பல் கறுக்கும், நெருப்பு நிற்காது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழுப் புள்ளியும் எடுத்தேன்.

ஒரு வருடமாகக் கடலைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. யார் போனார், யாருடைய உடல் கிடைத்தது, யாருக்குக் கூடாரம் வந்தது. எனக்குக் கடல் என்றால் சாவு. அது உப்புமாகும் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் போதும்.

களஞ்சியத்துக்குப் போய் ஒவ்வொரு சிப்பத்திலிருந்தும் ஒரு இலைக்கீற்றை எடுத்துத் தணலில் பிடித்தேன். மற்ற ஊர் இலைகளில் தணல் விளிம்பு ஊர்ந்துகொண்டே போயிற்று. கடலோரம் விளைந்த பனிச்சங்கேணி இலையில் எடுத்தவுடன் அணைந்தது. முழுக் களஞ்சியத்துக்கும் இந்தச் சோதனைக்கு எடுத்த நேரம் அரை மணித்தியாலம். ஏஜெண்ட் உட்கார்ந்திருந்த அன்று என்னிடம் அதைவிடக் கூடுதல் நேரம் இருந்தது.

அறிக்கை எழுதினேன். மனேஜர் நியாயமான மனிதர். இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, பனிச்சங்கேணி இலை இனி வேண்டாம். கடலுக்குப் பிறகு கையில் மிஞ்சியதைக் கொண்டு தோட்டம் செய்தவர்களுக்கு அந்த ஒரு வருமானமும் போயிற்று, அதுவும் என் அறிக்கையால்தான். இரண்டு, பூமணி வந்தால் மேசை கொடுக்கலாம். அந்தப் பக்கம் போய்வரும் மீன் வியாபாரி ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன். பிழை உங்களுடையதல்ல, உடனே வாருங்கள், கொம்பனிக் கடிதம் தயார் என்று எழுதினேன். ஒரு கிழமை கழித்து அவர் வந்து சொன்னார்: “குடுத்தன் தங்கச்சி. வாசிச்சா. மடிச்சு இடுப்புல செருகினா.”

பிறகு பாதை மூடப்பட்டது. இராணுவத்தின் செல் அடி தொடங்கியது. மாதக்கணக்கில் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் சனங்கள் காடு, தண்ணீர் எல்லாம் தாண்டி நடந்து வந்து சேர்ந்தார்கள். பட்டினத்தைச் சுற்றி முகாம்கள். நான் முகாம் முகாமாகப் போனேன். நான்காவது முகாமில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பூமணி அக்கா வரிசையில் நின்றார். ஒரு வாளி, ஒரு ஆள்.

“அக்கா, பிழை இலையில். கடல் தண்ணீர் நின்ற மண். உப்பு. கடிதத்தில் எழுதியிருந்தேன்.”

“தெரியும் புள்ள. அண்டைக்கே சொன்னன்தானே, இலை வேர்க்குது எண்டு.”

“வதனி?”

“இயக்கத்துக்குக் கூட்டிப் போயிட்டாங்க. நாங்க போய் ஆறாம் நாள்.” வரிசை நகர்ந்தது. அவர் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு ஓரடி முன்னால் போனார். “உங்கட கடிதம் வரக்குள்ள அவ போய் ரெண்டு கிழமைக்கு மேல. நான் வந்து என்ன செய்ய? அங்க இருந்தா ஒருவேளை விட்டுருவானுகளோ எண்டு நிண்டன்.”

ஆறாம் நாள். நான் உண்மையைக் கண்டது பத்தொன்பதாம் நாள். பாஸ் ஐயா ஒரு கிழமை முந்தி வந்திருந்தாலும் பிந்தித்தான். ஒரே ஒரு நாள்தான் சரியான நாள்: அவர் அந்த இலையை என் மேசையில் வைத்த நாள். நான் இந்தக் கணக்கை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை.

அவருக்குக் கொம்பனிக் கடிதம் எடுத்துக் கொடுத்தேன். அவர் மீண்டும் பதினான்காம் மேசைக்கு வந்தார். வதனி வடக்கே கொண்டுபோகப்பட்டாள் என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு செய்தி இல்லை. வடக்கில் சண்டை முடிந்ததாக வானொலியில் சொன்ன அன்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூமணி அக்கா அன்றைய கட்டைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் எழும்பினார். அதன்பிறகு முகாம்களின் பெயர்ப்பட்டியல்கள், சரணடைந்தவர்களின் பட்டியல்கள், ஆஸ்பத்திரிப் பட்டியல்கள். லீவு போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து வருவார். ஒன்றிலும் அந்தப் பேர் இல்லை.

இனி நான் போகும் காரணத்துக்கு வருகிறேன்.

அவர் திரும்பி வந்த நாளிலிருந்து பதினான்காம் மேசையின் ஒரு கட்டையும் நான் கழிக்கவில்லை. படிவங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும். சாம்பல் வெள்ளை, காரம் முழுமை, முடிவு நல்லது. அவற்றில் பெரும்பாலானதை நான் பற்றவைக்கவே இல்லை. முதலில் நேரம் இல்லை என்று விட்டேன். பிறகு அவர் கையில் பிழை இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சுருட்டை வாயருகே கொண்டுபோக என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

போன மாதம் அவர் என் மேசைக்கு வந்தார். நான் நல்லது என்று எழுதி அனுப்பிய கட்டொன்றைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு புள்ளத்தாச்சியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“பத்துங்க.”

“எதற்கு அக்கா, இது ஏற்கெனவே…”

“பத்துங்க புள்ள.”

பற்றவைத்தேன். நெருப்பு வயிற்றுக்கு வரவே இல்லை. ஓரமாக ஓடி, ஒருபக்கம் எரிந்து, மேலிலை வெடித்தது. உள்ளே இலைத் தண்டு கிடந்தது. புதுக் கைகூட விடாத பிழை.

“போன கிழமை வேணுமெண்டு சுத்தி வெச்சன்,” என்றார். “மூணு கட்டுல வெச்சன். மூணும் நல்லது எண்டு வந்திச்சு. அண்டைக்கு இல்லாத பிழைய எழுதினீங்க. இப்ப இருக்கிற பிழைய எழுதாம விடுறீங்க. ரெண்டு தரமும் நீங்க என்ட சுருட்டப் பாக்கல்ல.”

“அக்கா, நான் உங்களுக்கு…”

“எனக்கு என்ன? வதனிக்கு ஈடா இந்த நல்லது நல்லது எண்டு எழுதுறீங்களா? அதுக்கு ஈடு எண்டு ஒண்டுமில்ல. என்னட்ட மிஞ்சிக் கிடக்கிறது இந்தக் கை மட்டுந்தான் புள்ள. அதையும் நீங்க பொய்யாக்கிப் போட்டீங்க. நல்லாச் சுத்தினாலும் நல்லது, குப்பையச் சுத்தினாலும் நல்லது எண்டா, நான் என்னத்துக்கு இருந்து சுத்துறன்?”

நான் அழவில்லை, அவரும் அழவில்லை. மூன்று கட்டுக்குமான படிவங்களை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நல்லது என்றதை வெட்டி, கழிவு என்று எழுதினேன். காரணம்: உள்ளிலையில் தண்டு, சுற்று தளர்வு. அவர் குனிந்து மூன்றையும் வாசித்தார். “சரி,” என்றார். கட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

மூன்று கழிவு. கொம்பனி நடைமுறை இப்போதும் அதேதான். மனேஜரிடம் போய், பிழை சுற்றியவருடையதல்ல, பார்க்காமல் எழுதிய என்னுடையது என்று சொன்னேன். அவர் மேசையை எடுக்கவில்லை. நான் நீட்டிய விலகல் கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

படிவத்தில் இப்போது பன்னிரண்டு கட்டம். சிப்ப எண்ணைச் சேர்த்திருக்கிறேன். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கட்டம் போடாத ஏதோ ஒன்றைத்தான் யாராவது உங்கள் மேசைக்குக் கொண்டுவருவார்கள்.

திங்கட்கிழமை பதினான்காம் மேசையின் கட்டு உங்களிடம் வரும். அவருடைய கதை உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். ஒன்றைப் பற்றவைத்து, வயிறு தாண்டிப் பின்முனை வரைக்கும் பிடியுங்கள். பிழை இருந்தால் பிழை என்று எழுதுங்கள். அவர் எழும்பி உங்களிடம் சண்டைக்கு வருவார்; கையில் ஒரு இலையோடு வந்தால் அதையும் தணலில் பிடித்துப் பாருங்கள்.